பாம்பு பிடித்தவர் பெயர்: அறிவியலின் சமூகவியலும் நம் மாவட்டமும்



அறிவியலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் அழைப்பிதழ் அச்சடிக்கப் போன தோழர் என்னிடம் கேட்டார்: "இலக்கியக் கூட்டத்துல இது எதுக்குங்க?" நியாயமான கேள்வி. நாம் கதையைப் பற்றிப் பேசும்போது எதைக் கேட்கிறோம்? யார் எழுதினார், யாரைப் பற்றி எழுதினார், எழுதப்பட்டவருக்கு அதில் குரல் உண்டா என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை நாவலிடம் கேட்டோம், வரலாற்றிடம் கேட்டோம், சினிமாவிடமும் கேட்டுவிட்டோம். அறிவியலிடம் மட்டும் கேட்பதில்லை. அது கணக்கு, சோதனை, உண்மை. அதில் யார் என்ற கேள்விக்கு என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். அவர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கான 1892 ஆம் ஆண்டு அரசாணைக்கு அதுதான் தூண்டுகோல். நல்ல அறிக்கை, நன்றியோடு நினைக்க வேண்டியது. ஆனால் அதில் நாம் அறியப்படுகிறவர்கள். மறு ஆண்டு, 1893 இல், சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதில் நாம் அறிகிறவர்கள், எழுதுகிறவர்கள். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் இன்று நான் பேச வந்த விஷயம்.

சமூகவியல் முதுகலை வகுப்பில் எங்களுக்கு ராபர்ட் மெர்ட்டனைச் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர். அறிவியலுக்கு நான்கு நெறிகள் உண்டு என்று 1942 இல் எழுதினார். முதல் நெறி பொதுமை. ஒரு கூற்று உண்மையா பொய்யா என்பதைச் சொன்னவரின் இனம், மதம், வர்க்கம் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இரண்டாவது, கண்டுபிடிப்பு எல்லோருக்கும் சொந்தம். மூன்றாவது, சொந்த லாபம் கருதாமை. நான்காவது, எதையும் சோதிக்காமல் ஏற்காமை. ஹிட்லர் 'யூத இயற்பியல்' என்று சொல்லி அறிஞர்களைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது என்பதால் இந்த நெறிகளை நான் எளிதாகக் கேலி செய்யமாட்டேன். நமக்கு வேண்டிய நெறிகள்தான். சாதி என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அதே 1942 இல் எட்கர் ஜில்சல் என்ற இன்னொருவர் எழுதியதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. வியன்னாவிலிருந்து தப்பி அமெரிக்கா வந்த யூத அகதி. நவீன அறிவியல் ஏன் 1600 வாக்கில் ஐரோப்பாவில் பிறந்தது என்று கேட்டு அவர் ஒரு பதில் சொன்னார். அதுவரை படித்தவர்கள் கையால் வேலை செய்யமாட்டார்கள். கையால் வேலை செய்த கொல்லர், தச்சர், கப்பலோட்டி, கருவி செய்வோர் ஆகியோருக்கு லத்தீன் தெரியாது. அளப்பதும், சோதிப்பதும், காரணம் தேடுவதும் இந்தக் கைவினைஞர்களிடம் இருந்தது. முறையாகத் தர்க்கம் செய்வது படித்தவர்களிடம் இருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவிலிருந்த சுவர் உடைந்தபோது அறிவியல் பிறந்தது என்றார். 1944 இல் அந்த மனிதர் தற்கொலை செய்துகொண்டார்.

சுவர் உடைந்தால் பிறக்கும் என்றால், சுவர் உடையாத இடத்தில்? இதற்கு நம் நாட்டில் நாற்பது ஆண்டு முன்பே பதில் எழுதியிருந்தார் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய். 1902 இல் முதல் தொகுதி வெளிவந்த அவருடைய இந்து வேதியியல் வரலாற்றில், இந்தியாவில் அறிவியல் ஏன் தேய்ந்தது என்று கேட்டு, சாதியின் மேல் கைவைக்கிறார். பிணத்தை அறுத்துப் பார்க்காமல் மருத்துவம் கற்க முடியாது என்பது சுசுருதரின் நிலை. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்பது மனுவின் நிலை. மனு வென்றார், உடற்கூறு அறிவு செத்தது. தொழில்கள் தாழ்ந்த சாதிகளிடம் தள்ளப்பட்டன. யோசிப்பவன் தொடுவதை நிறுத்தினான், தொடுபவனுக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. காஞ்சா அய்லய்யா நம் காலத்தில் தோல் பதனிடுவோர், குயவர், சலவைத் தொழிலாளர் ஆகியோரின் தொழில்களை அறிவியல் என்று எழுதியபோது முகம் சுளித்தவர்கள், ராயைப் படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இன்னொரு கதை. 1975 இல் புருனோ லத்தூர் என்ற பிரெஞ்சு இளைஞர் கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தின் ஓர் ஆய்வகத்துக்குள் போய் இரண்டு ஆண்டு உட்கார்ந்தார். அங்கே தலைமை வகித்த ரோஜர் கீய்மென் 1977 இல் நோபல் பரிசு பெற்றார். லத்தூர் வேதியியல் படிக்கப் போகவில்லை. மானுடவியலாளர் ஒரு பழங்குடி ஊருக்குள் போய்த் தங்கி அவர்களுடைய சடங்குகளைக் குறித்துக்கொள்வது போல, விஞ்ஞானிகளைக் குறித்துக்கொள்ளப் போனார். யார் யாரிடம் பேசுகிறார்கள், எதைக் கிறுக்குகிறார்கள், எலியின் மூளைச் சாறு எப்படி ஒரு வரைபடமாகி, வரைபடம் எப்படிக் கட்டுரையாகி, கட்டுரை எப்படி 'உண்மை' ஆகிறது என்று பார்த்தார். ஸ்டீவ் வுல்கருடன் சேர்ந்து 1979 இல் அதைப் புத்தகமாக்கினார். விஞ்ஞானிகள் என்ற பழங்குடி! மேற்கத்திய வாசகர்கள் அந்த நையாண்டியை ரொம்ப ரசித்தார்கள்.

நமக்கு அந்த நையாண்டி பாதிதான் புரியும். ஏனென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரத்துக்கு முன்னால், வடநெம்மேலியில், நிஜமான பழங்குடிகள் நிஜமான அறிவியல் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் புத்தகமாக எழுத யாரும் இரண்டு ஆண்டு உட்காரவில்லை.

முதலைப் பண்ணைக்குப் போயிருப்பீர்கள். 1976 இல் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கியது. அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சீட்டு வாங்கி, நஞ்சு எடுப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, அடுத்து மகாபலிபுரம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக்கொண்டு போய்விடும்.

சங்கம் வந்த கதை சுருக்கமாக. இருளர்கள் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாம்புத் தோல் வெளிநாட்டுக்குப் போய்ப் பையாகவும் செருப்பாகவும் ஆனது. 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சட்டம் பாம்பைக் காப்பாற்றியது. பாம்பைப் பிடித்து வயிறு வளர்த்தவரை அம்போவென்று விட்டது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிப் போய்க் கொத்தடிமையாகிற வழி எப்போதும் போலத் திறந்திருந்தது. அந்த நேரத்தில் விட்டேக்கரும் இருளர் பெரியவர்களும் சேர்ந்து யோசித்ததுதான், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் விற்பது. 1978 இல் சங்கம் பதிவானது. நஞ்சு எடுக்கும் வேலை 1980களின் தொடக்கத்தில் ஆரம்பமானது.

வேலை இப்படி. நான்கு பாம்புகள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். வனத்துறை எத்தனை பிடிக்கலாம் என்று அனுமதி தரும். பிடித்து வந்த பாம்பை மணல் போட்ட மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை வீதம் நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தொடமாட்டார்கள். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அங்கே சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுதான் நம் அரசு மருத்துவமனையில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து. நெடுங்காலமாக இந்தியா முழுமைக்குமான மருந்துக்கு நஞ்சு பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள். யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? குதிரையிலா, உலர்த்தும் இயந்திரத்திலா? நான் வளையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். வரப்பில் பத்து எலிவளை இருக்கிறது. எதில் பாம்பு இருக்கிறது? எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தால் நாள் போய்விடும், வரப்பும் போய்விடும், நிலக்காரன் சும்மா விடமாட்டான். இருளர் குனிந்து பார்க்கிறார். வளை வாயில் மண் எலியின் காலால் கிளறப்பட்டிருக்கிறதா, வயிறு இழுபட்டு வழவழப்பாகியிருக்கிறதா? சிலந்தி நூல் அறுந்திருக்கிறதா? உரித்த சட்டை கிடக்கிறதா, எச்சம் கிடக்கிறதா, எவ்வளவு ஈரம்? இதையெல்லாம் சேர்த்து ஓர் ஊகம் செய்கிறார், கடப்பாரையால் வெட்டுகிறார். பாம்பு இருக்கும், அல்லது இருக்காது. ஊகம், சோதனை, முடிவு மூன்றும் கால் மணி நேரத்தில் நடந்துவிடுகின்றன. ஊகம் தப்பினால் கட்டுரை திரும்பி வராது, கை போகும். மெர்ட்டனுடைய நான்காவது நெறி, சோதிக்காமல் எதையும் ஏற்காமை, இதைவிடக் கடுமையாக எந்த ஆய்வகத்தில் கடைப்பிடிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாளை யாராவது என் பெயரைச் சொல்லிப் பச்சிலை விற்பார்கள். பழங்குடி சொன்னாலே அறிவியல் என்று நான் சொல்லவில்லை. பாம்புக்கடிக்கு வேர் கட்டலாம், மந்திரிக்கலாம் என்று யார் சொன்னாலும் அது சோதனையில் நிற்காது. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைக் கண்டுபிடிக்கும் இருளர் அறிவு மதிக்கப்பட வேண்டியது, அது பழையது என்பதற்காக இல்லை. ஒவ்வொரு வளையிலும் அது சோதிக்கப்படுகிறது என்பதற்காக. 'பாரம்பரிய அறிவு' என்று பெயர் வைத்து அருங்காட்சியகத்தில் உட்காரவைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதான்.

சரி, அந்த அறிவு அறிவியல் கட்டுரைக்குள் எப்படிப் போகிறது? கட்டுரைகளில் 'பொருட்களும் முறைகளும்' என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வேதிப்பொருள் எந்தக் கம்பெனியில் வாங்கினோம், எந்த எலியைப் பயன்படுத்தினோம் என்று பட்டியலிடும் இடம். நஞ்சைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் அந்தப் பகுதியில் ஒரு வரி வரும்: நஞ்சு இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வாங்கப்பட்டது. அவ்வளவுதான். பிறகு பக்கம் பக்கமாகப் புரதம், மூலக்கூறு. வளையைப் படித்தவர், பல்லிடுக்கில் துணி கட்டிய குப்பியை வைத்துத் தலையைப் பிடித்தவர், உப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில் பொருளாக நிற்கிறார்.

இது இருளருக்கு மட்டும் நடந்ததில்லை. 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காற்று பம்பு வைத்துச் சோதனை செய்த ராபர்ட் பாயில், வீட்டில் நிறையக் கூலியாட்களை வைத்திருந்தார். பம்பை இயக்கியவர்கள், அளவு குறித்தவர்கள் அவர்கள். ஸ்டீவன் ஷேப்பின் என்ற வரலாற்றாசிரியர் 1989 இல் அவர்களைப் பற்றி எழுதினார். கூலி வாங்குகிறவன் சொல்வது சாட்சியாகாது, ஏனென்றால் அவன் எசமானனைச் சார்ந்தவன். கனவான் பார்த்ததுதான் பார்த்தது. அதனால் பாயிலின் எழுத்தில் ஓரிருவர் தவிர மற்றவர்களுக்குப் பெயரே இல்லை. பாஸ்டன் நகரத்தில் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை, தன் ஊரில் அம்மை குத்தும் வழக்கத்தைத் தன் எசமானன் காட்டன் மேதருக்குச் சொன்னார். 1721 கொள்ளைநோயில் அது உயிர்களைக் காத்தது. அவருக்குப் பெயராவது மிஞ்சியது. 1802 இல் பரங்கிமலையருகே லாம்டன் சங்கிலி போட்டு ஏழரை மைல் அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கினார். அப்போது அது செங்கல்பட்டுச் சீமை. அரை டன் எடையுள்ள கோணமானியைத் தோளில் சுமந்த கூட்டம் எந்தச் சேரியிலிருந்து வந்தது?

பெயர் விட்டுப்போவது மரியாதைப் பிரச்சினை மட்டும் என்றால் ஒரு பொன்னாடையில் முடித்துவிடலாம். அது அறிவையே கெடுக்கும் என்பதற்கு நஞ்சுதான் சாட்சி. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் நஞ்சு வேறு. செங்கல்பட்டுக் கண்ணாடிவிரியனின் நஞ்சும் வங்காளத்துக் கண்ணாடிவிரியனின் நஞ்சும் ஒன்றல்ல. இங்கே எடுத்த நஞ்சால் செய்த மருந்து அங்கே சரியாக வேலை செய்வதில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு 2019 இலும் 2021 இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை அளந்து காட்டின. 1890களில் நல்லபாம்பு நஞ்சை வைத்து முறிமருந்து செய்த கால்மெட், எல்லாப் பாம்புக்கும் இது போதும் என்றார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டின் அப்போதே மறுத்தார். நூறு ஆண்டு கழித்தும் அதே தவறு. ஏன்? நஞ்சு ஒரு குறிப்பிட்ட வயலில், ஒரு குறிப்பிட்ட வளையில், ஒரு குறிப்பிட்ட ஆள் பிடித்த பாம்பினுடையது என்ற தகவல் குப்பியில் ஏறும்போதே உதிர்ந்துவிடுகிறது. குப்பியில் 'கண்ணாடிவிரியன்' என்று மட்டும் இருக்கும். ஊரும் ஆளும் போனபின் மிஞ்சுவதை 'பொது' என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பொதுவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மாநிலத்து ஏழை விவசாயிகள்.

இதன் பழி இருளர் தலையில் விழுந்துவிடக்கூடாது. அவர்களுடைய உரிமம் எந்த எல்லைக்குள் பிடிக்கச் சொல்கிறதோ அங்கேதான் பிடிக்க முடியும். மருந்து நிறுவனங்களும் அரசுகளும் மற்ற வட்டாரங்களில் இப்படிச் சங்கங்கள் வளர வழி செய்திருக்க வேண்டும்.

இப்போது வேறொரு ஆபத்தும் வந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், காட்டில் பிடித்து நஞ்செடுத்து மறுபடி விடுவதை ஏற்பதில்லை. பாம்புகளைக் கூடத்திலேயே நெடுநாள் வளர்த்து, நோய் பார்த்து, கணக்கு வைத்து எடுக்கச் சொல்கிறது. காரணங்கள் அறிவியல் காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. தரம் ஒரே சீராக இருக்கும், பாம்புக்கும் துன்பம் குறையும். ஆனால் குளிரூட்டிய கூடம் கட்டும்போது அதற்குள் வெள்ளை அங்கியோடு யார் நிற்பார்கள்? அந்தக் கூடத்துக்கும் முதல் பாம்பை ஒருவர் வரப்பிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கூடம் வரட்டும், அதை இருளர் சங்கமே நடத்தட்டும் என்பதுதான் என் நிலை. தரம் என்ற சொல் நம் நாட்டில் பலமுறை ஆளை வெளியே தள்ளப் பயன்பட்டிருக்கிறது.

ஃப்ளோரிடா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. 2016 இல் ஒரு மாதம் போட்டி வைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் இறங்கி 106 பாம்பு பிடித்தார்கள். 2017 தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற நம் மாவட்டத்து இருளர்கள் இருவரை ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் வனவிலங்கு ஆணையமும் வரவழைத்தன. முதல் சில வாரங்களிலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன; அதில் ஒரு பெண் பாம்பு 16 அடி. மலைப்பாம்பு அவர்கள் அன்றாடம் பிடிக்கிற பாம்பில்லை, சதுப்பும் அவர்கள் மண்ணில்லை. தடம் படிக்கும் முறையைத்தான் கொண்டுபோனார்கள், அது அங்கேயும் செல்லுபடியானது. எந்த ஆய்வாளரும் தன் முறைக்குக் கேட்கிற சோதனை இதுதானே! பத்திரிகைகள் 'பழங்குடிப் பாம்பாட்டிகள்' என்று எழுதின. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆலோசகர் என்றோ நிபுணர் என்றோ ஓர் அமெரிக்கரை அழைத்திருந்தால் எழுதியிருப்பார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அறிகிறவராக இருந்தும் பெயரில்லாமல் போனவர்களைச் சொன்னேன். அறியப்படும் பொருளாகவே இருந்தவர்களும் இந்தச் சீமையில் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து நடத்தியது. ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, ஒரு பகுதியினருக்கு வெறும் ஊசி; யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் முடிவு உலகத்தையே உலுக்கியது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும் அதே முடிவுதான். குழந்தைகளிடம் மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்தவுடன் போடும் ஊசி இன்றும் தொடர்கிறது, அதை நிறுத்தச் சொல்லி யாரும் இதிலிருந்து முடிவு கட்டவேண்டாம்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காக அந்த விஞ்ஞானிகளை நான் மதிக்கிறேன். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு உலகப் பாடநூல்களில் காட்டும் எடுத்துக்காட்டு அது. 'சிங்கிள்புட் சோதனை' என்று அதற்குப் பெயர். நம் ஊர்ப் பெயர் உலக மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. கையை நீட்டிய லட்சக்கணக்கானவர்கள் எண்ணாக இருக்கிறார்கள். எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தாங்கள் கொடுத்த கையால் உலகம் என்ன கற்றுக்கொண்டது என்பதை அந்த ஊர்களின் பள்ளிகளில் தமிழில் ஒரு பக்கம் பாடமாக வைக்க என்ன தடை?

கடற்கரைப் பக்கம் ஒரு சிறு செய்தி. மாமல்லபுரத்தில் கடலுக்குள் கட்டடங்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்று மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். வலை எங்கே சிக்கும், மீன் எங்கே கூடும் என்பது அவர்களுடைய பிழைப்பு. 2002 இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஓர் ஆங்கிலேயக் குழுவும் இறங்கிப் பார்த்தபோது, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர் போன்ற கல்வரிசைகள் இருந்தன. 'கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தது. காட்டிய மீனவருக்கு அது கண்டுபிடிப்பில்லை, திங்கட்கிழமை.

ஆய்வகத்துக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். ரெனி தாமஸ் என்ற ஆய்வாளர் பெங்களூரில் ஓர் அறிவியல் நிறுவனத்தில், லத்தூர் செய்தது போலவே உள்ளே போய்ப் பார்த்தார். 2020 இல் எழுதினார். அங்கே அறிவியல் பிராமணர்களுக்கு இயல்பாக வரும் தொழில் என்ற நம்பிக்கை காற்றில் கலந்திருக்கிறது. கர்நாடக இசை, சைவ உணவு, பேச்சுத் தோரணை எல்லாம் சேர்ந்து யார் விஞ்ஞானி போலத் தெரிகிறார் என்பதை முடிவு செய்கின்றன. அஜந்தா சுப்ரமணியன் 2019 இல் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து 'தகுதி' என்ற சொல்லுக்குள் சாதி எப்படி ஒளிந்துகொள்கிறது என்று எழுதினார். விண்மீன்களின் வெப்பத்தை அளக்க உலகத்துக்குச் சமன்பாடு தந்த மேகநாத் சாகா, கல்கத்தா விடுதியில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாமல் இருந்தவர்.

சட்டத்திலேயே ஒரு வாசல் மூடியிருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்காக 2019 இல் வந்த சட்டம், உயர்சிறப்பு நிறுவனங்கள் என்று ஒரு அட்டவணையைப் போட்டு அவற்றுக்கு இது பொருந்தாது என்றது. அந்த அட்டவணையில் ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் இருக்கின்றன. அதில் ஒன்று நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். வடநெம்மேலியிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். ஒரு முனையில் பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள் நாட்டுக்கே நஞ்சு தருகிறார்கள். இன்னொரு முனையில் ஆசிரியர் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு கேட்டால் சிறப்பு கெட்டுவிடும் என்கிறார்கள்.

இருளர் பட்டியல் பழங்குடி, நாம் பட்டியல் சாதி, அவர்களுக்காக நாம் பேசலாமா என்று தோழர்கள் கேட்பீர்கள். அவர்களுக்குப் பதிலாகப் பேசக்கூடாது. அவர்கள் கேட்பதற்குத் துணை நிற்கலாம். அவர்கள் முதலில் கேட்பது அறிவியல் அங்கீகாரம் இல்லை, சாதிச் சான்றிதழ். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சான்றிதழ் கிடைக்காமல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை இங்கே களத்தில் வேலை செய்கிற தோழர்கள் அறிவீர்கள். அந்தத் தாள் இல்லாமல் விலங்கியல் பட்டப்படிப்புக்கு எப்படிப் போவது?

கேரளத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து, பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1990களின் நடுவில் உரிமத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தபோது, கட்டணத்திலும் உரிமத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று எழுதி, 1997 இல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளையும் அமைத்தார்கள். வனத்துறையோடு இழுபறி, செடித் திருட்டு என்று பின்னால் சிக்கல்கள் வந்தன. ஆனாலும் தகவல் சொன்னவருக்குப் பங்கு என்பது காகிதத்தில் ஏறியது. நஞ்சிலிருந்து வருங்காலத்தில் ஒரு மருந்து பிறந்தால், விலைக்கு வாங்கியாகிவிட்டது, கணக்கு முடிந்தது என்று சொல்ல விடக்கூடாது.

இந்த மன்றத்திடம் நான் கேட்பது சிறிய வேலை. சங்கத்தில் பாம்புக்குத் தக்கபடி பிடித்தவருக்குப் பணம். ஆகவே யார், என்ன பாம்பு கொண்டுவந்தார் என்ற கணக்கு எங்கோ ஒரு பேரேட்டில் இருந்தே ஆகவேண்டும். குப்பியில் உதிர்ந்துபோன பெயர் அங்கே இருக்கிறது. நஞ்சை வாங்கும் ஆய்வாளர்கள் அந்தப் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்கிக் கட்டுரையில் போடவேண்டும் என்று நாம் எழுதிக் கேட்கலாம். ஊர் தெரிந்தால் அவர்கள் ஆய்வுக்கும் நல்லது. இரண்டாவது, சங்கம் தொடங்கிய காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் வளையை எப்படிப் படிக்கிறார்கள், எங்கே தப்பியது, யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே, அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்து, முதல் ஆசிரியராக அவர்கள் பெயரைப் போட்டு மன்றம் வெளியிட வேண்டும். தொகுத்தவர் பெயர் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தால் போதும். அவர்கள் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும். மறுத்தால் திரும்பி வந்துவிட வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் யார் யார் வருகிறீர்கள் என்று செயலாளரிடம் பெயர் கொடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், வெயில் ஏறினால் தடம் தெரியாது என்கிறார்கள்.